ஆளுக்கொரு டப்பா

ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாடு முடிந்ததும் அந்த வீட்டில் ஒரு காரியம் தவறாமல் நடக்கும். சாப்பாட்டு மேசையில் தண்ணீர்க் கூஜாவின் மேல் கைபேசியைச் சாய்த்து வைப்பாள் சின்ன மருமகள். திரையில் இரண்டு கட்டங்கள் தோன்றும். ஒன்றில் மாமனாரின் மூத்த மகள், இன்னொன்றில் நடுப்பிள்ளை. இருவரும் ஆளுக்கொரு ஊரில் குடும்பத்தோடு இருக்கிறவர்கள்.

"என்னோடது போட்டீங்களாப்பா?" என்று மகள்தான் முதலில் ஆரம்பிப்பாள்.

"உன் கண்ணு முன்னாலயே போடறேன் பாரு" என்று மாமனார் மாத்திரையை நாக்கில் வைத்துக் காட்டி, தண்ணீர் குடித்து, வாயைத் திறந்து வேறு காட்டுவார்.

"என்னோடது?" என்பான் நடுப்பிள்ளை.

அதுவும் அப்படியே உள்ளே போகும். கூடவே இருக்கிற கடைசி மகன், அந்த மருமகளின் கணவன், வாங்கிக் கொடுத்த கால்சியம் மாத்திரையும் போகும். யாருக்கும் குறை வைக்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது ஓர் ஆப்பிளை அறுத்தால்கூட மூன்று துண்டையும் உள்ளங்கையில் தூக்கிப் பார்த்துத்தான் கொடுப்பாராம்.

அவர் வாழ்நாளெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்தவர். தெருவில் இன்னும் அவருக்கு லிஃப்ட்காரர் என்றுதான் பெயர். "ஊர்ல பாதிப் பேரை மேல அனுப்பினவன் நான். நல்லவேளை, எல்லாரும் திரும்பி வந்தாங்க" என்று சொல்லிவிட்டு, கேட்டவர் சிரிக்கும்வரை விடமாட்டார்.

வெகுகாலமாக டாக்டர் எழுதிக் கொடுத்த சர்க்கரை நோய் மாத்திரை ஒன்றுதான் அவருக்கு; மனைவி போன பிறகுதான் இந்த டப்பாக்கள் வர ஆரம்பித்தன. அப்பா தனியாகிவிட்டாரே என்று மகள் எல்லாச் சத்தும் ஒரே மாத்திரையில் இருப்பதாக ஒரு டப்பா அனுப்பினாள். அக்கா அனுப்பிவிட்டாள் என்று தெரிந்ததும் நடுப்பிள்ளை வைட்டமின் டி அட்டையை அனுப்பினான். அவருக்குப் படியில் ஒருமுறை கால் தடுக்கியது. எலும்புக்கு நல்லது என்று கடைசி மகன் கால்சியம் வாங்கி வந்தான். தம்பி வாங்கிவிட்டான் என்று மகள் மீன் ஈரல் எண்ணெய் உருண்டைகளையும் சேர்த்தாள். மருமகள் மட்டும் சும்மா இருப்பாளா? அவள் பங்குக்கு சாக்லேட் வாசனை அடிக்கும் சத்துமாவு டப்பா ஒன்று வாங்கி, காலையும் மாலையும் பாலில் கலக்கிக் கொடுத்தாள். அன்பு எப்போதும் கையில் கிடைக்கிற உருவத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. அந்த வீட்டில் அது டப்பா உருவம் எடுத்தது.

இவ்வளவு சத்தும் உள்ளே போன மனிதர் திடமாக அல்லவா இருக்க வேண்டும்? நடந்தது நேர்மாறு. வரவரத் தண்ணீராகக் குடித்தார். குடித்த கையோடு கழிவறைக்கு ஓடினார். ஆனால் வயிறு மட்டும் இளகவில்லை. தட்டில் வைத்ததைக் கிளறிவிட்டு எழுந்தார். பசியில்லை என்றதும் பசிக்கு ஒரு டானிக் வந்தது. அசதி என்றதும் அசதிக்கு ஒரு டப்பா வந்தது. அவர் இளைக்க இளைக்க அலமாரி கொழுத்தது.

ஒருநாள் காலை மருமகள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கடைவீதியில் மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்றில் அவளுக்கு வேலை. குளியலறைக்குள்ளிருந்து தாழ்ப்பாள் லொட்டு லொட்டென்று அடிபடும் சத்தம் கேட்டது.

"என்ன மாமா?"

பிறகு மெதுவாகக் குரல் வந்தது. "இந்தக் கதவு எந்தப் பக்கம்மா திறக்கும்?"

எத்தனையோ கட்டடங்களில், இரண்டு மாடிக்கு நடுவே சிக்கிக்கொண்ட லிஃப்ட்டின் கதவைத் திறந்து ஆட்களை வெளியே எடுத்த மனிதர். "தாழ்ப்பாள இடது பக்கம் தள்ளுங்க மாமா. அவசரமே இல்ல. நான் இங்கதான் நிக்கறேன்" என்றாள். கதவு திறந்தது. அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் நேரே போய்த் தண்ணீர் குடித்தார்.

"வயசாச்சுல்ல" என்றான் கணவன். சாமான் வண்டி ஓட்டுகிறவன். எதையும் நிதானமாக எடுத்துக்கொள்ளும் சுபாவம்.

"வயசு மேல பழி போடறது சுலபம். அது வந்து நான் செய்யலன்னு சாட்சி சொல்லாது பாருங்க" என்றாள் அவள். "எனக்கு என்னமோ இந்த மாத்திரைங்க மேலதான் சந்தேகம்."

"சத்து மாத்திரைம்மா அது. சத்து யாருக்காவது கெடுதல் பண்ணுமா? அதோட, அக்கா காதுல விழுந்துச்சு, உன்ன ஒரு வழி பண்ணிடுவா."

"பண்ணட்டும். அதுக்கு முன்னாடி நான் இத ஒரு வழி பண்ணிடறேன்."

அன்று அவர் முன்னறையில் கண்ணயர்ந்திருந்த நேரம் பார்த்து, அலமாரியில் இருந்த அத்தனை டப்பாக்களையும் அட்டைகளையும் ஒரு துணிப்பையில் போட்டாள். தன் சத்துமாவு டப்பாவைத்தான் முதலில் எடுத்து வைத்தாள். பிறர் வாங்கியதைக் குற்றம் சொல்லப் போகிறவள் தன்னுடையதிலிருந்து தொடங்குவதுதான் மரியாதை என்று அவளுக்குப் பட்டது.

அவள் வேலை பார்க்கும் கடைக்கு அடுத்த கடை மருந்துக்கடை. அதை நடத்துகிற அக்கா கறாரானவள், கடன் கேட்டால் காது கேட்காது. ஆனால் மருமகள் கடையிலிருந்து பூதக்கண்ணாடியோடு போய்ப் பையைக் கவிழ்த்ததும், அந்த அக்கா மூடியைத் திறந்து வைத்திருந்த சாப்பாட்டை அப்படியே தள்ளி வைத்தாள்.

"என்னடி இது, எனக்குப் போட்டியா கடை போடப் போறியா?"

"எல்லாம் எங்க மாமா ஒருத்தர் சாப்பிடறது அக்கா."

அக்காவின் சிரிப்பு நின்றது. இருவரும் தலையோடு தலை முட்ட உட்கார்ந்து, டப்பாக்களின் முதுகில் எறும்பு வரிசை போல் ஓடிய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தார்கள். முன்பக்கத்தில் ஒன்றில் சூரியன், ஒன்றில் மீன், ஒன்றில் ஓடுகிற மனிதன். பின்பக்கத்தில் எல்லாவற்றிலும் அதே பேர்கள். மகள் அனுப்பியதிலும் வைட்டமின் டி. மீன் எண்ணெயிலும் அதுதான். கால்சியத்திலும் துணைக்கு அதுதான். சத்துமாவும் விடவில்லை.

"டப்பா வேற வேற. உள்ள இருக்கறவன் ஒருத்தன்தான்" என்றாள் அக்கா. பிறகு நடுப்பிள்ளை அனுப்பிய அட்டையைக் கையில் எடுத்தாள். "இது வாரத்துக்கு ஒண்ணு போடறது. அப்படித்தானே போடறாரு?"

மருமகள் அட்டையில் இருந்ததைப் படித்தாள். "தினம் போடறாரு."

அக்கா அட்டையைத் தனியே எடுத்து வைத்தாள். "கேளு. இதுல பாதிக்கு மேல என் கடையிலயும் விக்குது. வேணுங்கறவங்களுக்கு நல்லதுதான். தேவைக்கு மேல போனா சிலது ஒண்ணுக்குல போயிடும். இந்த டி அப்படி இல்ல, உள்ளயே தங்கிடும். டாக்டர் எழுதின சர்க்கரை மாத்திரையத் தொடாத. மத்த எல்லாத்தையும் இன்னியோட நிறுத்து. நாளைக்குக் காத்திருக்காத, சாயந்திரமே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. இந்தப் பையையும் அப்படியே கொண்டு போ." ஆறிப்போன சாப்பாட்டை மூடி உள்ளே வைத்துவிட்டு, டாக்டருக்கு அவளே போன் போட்டு நேரமும் வாங்கிக் கொடுத்தாள்.

வீட்டில் மாமனார் காலி அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"யாரு எடுத்தது?"

"நான்தான் மாமா."

"கேக்காம எடுத்தா அதுக்கு என்ன பேரு தெரியுமா?"

"தெரியும். அந்தப் பேரையே வெச்சுக் கூப்பிடுங்க, பரவாயில்ல. ஆனா திருப்பித் தர மாட்டேன்." அவள் குரல் உயரவில்லை. "அந்த வார மாத்திரைய ஏன் மாமா தினம் போட்டீங்க? அட்டையில எழுதியிருக்கே. நீங்க படிக்காம ஒரு ஆணி கூடத் திருக மாட்டீங்களே."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"படிச்சேன். மத்த ரெண்டு பேரோடதும் தினம் உள்ள போகுது. அவனோடது மட்டும் வாரத்துக்கு ஒண்ணுன்னா எப்படிம்மா? சின்ன வயசுலயே அவனுக்கு அந்தக் குறை உண்டு. நடுவுல பொறந்ததால என்ன யாரும் கண்டுக்கலன்னு. நல்ல மாத்திரைதானே, சமமா இருந்துட்டுப் போகட்டும்னு போட்டேன்."

கோபப்படத்தான் அவள் நினைத்திருந்தாள். கோபம் வரவில்லை. உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ காரணத்துக்காக உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள். ஓரவஞ்சனை செய்யக் கூடாது என்று கெடுத்துக்கொண்டவரை அவள் பார்த்ததில்லை. அவர் காலடியில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"மாமா, லிஃப்ட்டுல ஆள் ஏறி ஏறி எடை கூடிப்போச்சுன்னா என்ன ஆகும்?"

"மணி அடிக்கும். நகராது."

"ஏறினவங்கள்லாம் கெட்டவங்களா?"

"கெட்டவங்க எதுக்கும்மா? எல்லாம் நல்ல ஜனந்தான். எடைதான் ஜாஸ்தி."

"உங்களுக்கு மணி அடிக்குது மாமா. இன்னிக்குக் காலையில அந்தக் கதவுக்கிட்ட அடிச்சுது. எனக்குக் கேட்டுது. உங்களுக்கும் கேட்டிருக்கும்."

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "சட்டைய எடு, போகலாம்" என்றார். வாசலில் செருப்பை மாட்டும்போது மட்டும் திரும்பி, "பிள்ளைங்ககிட்ட சொல்லிடாத" என்றார்.

ரத்தப் பரிசோதனைக்கூடத்தின் பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். பெரிதாக ஒன்றும் வேண்டவில்லை. கடவுளே, தாமதமாகிவிடவில்லை என்று மட்டும் சொல், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னாள். இதைவிட நேர்மையான பிரார்த்தனை அன்று அந்தத் தெருவில் எழுந்திருக்காது.

தாமதமாகிவிடவில்லை. ஆனால் இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் சிறுநீரகம் திரும்பாத நிலைக்குப் போயிருக்கும் என்றார் டாக்டர். ரத்தத்தில் வைட்டமின் டி எல்லை மீறியிருந்தது; அதனால் கால்சியமும் ஏறியிருந்தது. தாகம், வயிறு, அசதி, கதவு, எல்லாவற்றுக்கும் அதுவே காரணம். ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து நரம்பு வழியே உப்புநீர் ஏற்றினார்கள். டப்பாக்கள் அத்தனையையும் டாக்டர் பையோடு தள்ளி வைத்தார். ஒன்றே ஒன்றைப் புதிதாக எழுதினார். சர்க்கரை மாத்திரையை நெடுநாள் சாப்பிடுகிற சிலருக்குக் குறைகிற வைட்டமின் பி12 இவருக்கும் குறைந்திருந்தது; மகளின் மாத்திரையில் இருந்த துளி அதற்குப் போதவில்லை.

"இத்தனை டப்பா வாங்கினோம், குறைஞ்சது எதுன்னு யாரும் பாக்கல" என்றான் கணவன்.

"இத யாரு வாங்கறது?" என்றார் மாமனார், படுத்தபடியே, கவலையோடு. மூன்று பிள்ளை, ஒரு மாத்திரை. பங்கு பிரிக்க வழியில்லை.

"நீங்களே வாங்கிக்கங்க மாமா. உங்க உடம்பு, உங்க மாத்திரை."

அவர் யோசித்தார். அந்தத் தீர்ப்பில் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை.

வீடு திரும்பிய பின் வந்த ஞாயிற்றுக்கிழமை. கைபேசி கூஜாவின் மேல் சாய்ந்தது. ஆஸ்பத்திரியில் இருந்ததைப் பொதுவான சோதனைக்காக என்று கணவன் தன் அக்காவிடமும் அண்ணனிடமும் மழுப்பியிருந்தான். மருமகளுக்கு அது பிடிக்கவில்லை. அப்பாவே தன் வாயால் சொல்லட்டும் என்று பொறுத்திருந்தாள்.

"என்னோடது போட்டீங்களாப்பா?"

மருமகள் மாமனாரைப் பார்த்தாள். அவர் திரையைப் பார்த்தார். பிறகு சட்டைப் பைக்குள் கை போனது. மகளின் மாத்திரை ஒன்று அங்கே இருந்தது. என்றைக்கு ஒளித்து வைத்தாரோ. "இதோ பாரும்மா" என்று நாக்கில் வைத்துவிட்டார்.

மருமகள் எழுந்து, திரையில் தெரிகிறாற்போலவே அவர் பக்கத்தில் வந்து நின்று, தன் உள்ளங்கையை அவர் வாய்க்குக் கீழே நீட்டினாள். குழந்தை கல்லை வாயில் போட்டுக்கொண்டால் தாய் நீட்டுவாளே, அப்படி.

அவர் அவளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். கண் கலங்கியது. மெதுவாகக் குனிந்து அவள் கையில் துப்பினார்.

"என்ன கூத்து இது?" என்றாள் மகள்.

"கூத்து இல்ல அண்ணி. அப்பாவுக்கு இது வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. எல்லாரோடதும்தான். நான் வாங்கினதும் சேர்த்துத்தான்." ரத்தத்தில் இருந்ததையும், ஆஸ்பத்திரியில் நடந்ததையும், கதவையும் அவள் ஒளிக்காமல் சொன்னாள். வார மாத்திரையைப் பற்றிச் சொல்லும் இடம் வந்ததும் நிறுத்தினாள். அது அவள் சொல்ல வேண்டியது அல்ல.

"நான்தான்டா தினம் போட்டேன்" என்றார் மாமனார், நடுப்பிள்ளையிடம். "உன்னோடது குறைச்சலா இருக்கக் கூடாதுன்னு."

நடுப்பிள்ளை கையால் முகத்தை மூடிக்கொண்டான். "ஏம்ப்பா" என்று மட்டும் கேட்டது. பிறகு அவன் கட்டத்தில் வெறும் சுவர்தான் தெரிந்தது, எழுந்து போய்விட்டிருந்தான்.

"அப்போ நான் என் அப்பாவுக்கு விஷம் வாங்கி அனுப்பினேங்கற" என்றாள் மகள்.

"இல்ல அண்ணி. நல்லதத்தான் அனுப்பினீங்க. எல்லாரும் நல்லதையே அனுப்பினோம். வேணுமான்னு பாக்கல, அவ்வளவுதான்."

"கூட இருக்கறவ நீ. பாத்துக்கிட்டுத்தானே இருந்த?"

அந்தச் சொல் தைத்தது. தைக்க வேண்டிய சொல்தான். "ஆமா அண்ணி" என்றாள் மருமகள். "இன்னும் முன்னாடியே பாத்திருக்கணும்."

திரை அணைந்தது.

அதன்பின் மாமனாருக்கு உடம்பு தேறியது. தட்டைக் காலி செய்தார். வெள்ளரிக்காய் கசக்கிறது என்று குறை சொல்லும் அளவுக்குத் தெம்பு வந்தது. மருந்துக்கடைக்குத் தானே நடந்து போய்த் தன் ஒற்றை மாத்திரையை வாங்கிக்கொண்டு, அந்த அக்காவிடம் லிஃப்ட் நகைச்சுவையையும் சொல்லிவிட்டு வந்தார். நடுப்பிள்ளை ஒரு வாரம் லீவு போட்டு வந்து, அப்பா பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்துவிட்டுப் போனான். மகளிடமிருந்து மட்டும் ஒரு சத்தமும் இல்லை. கைபேசி மணி அடித்தால் அவர் தலை தூக்குவதும், இல்லை என்று தெரிந்து தாழ்த்துவதும் மருமகளின் கண்ணில் படாமல் இல்லை.

"நீ செஞ்சது சரிதாம்மா" என்றார் ஒருமுறை. "ஆனா என் பொண்ணு போயிடுச்சே."

"எங்கயும் போகல மாமா. கோபத்துல இருக்காங்க. நான் விடமாட்டேன்."

விடவும் இல்லை. நாத்தனார் போனை எடுக்கவில்லை. எனவே தினமும் கடை திறக்குமுன் ஒரு குரல் செய்தி அனுப்பினாள். 'அண்ணி, இன்னிக்கு அப்பா ரெண்டு முட்டை சாப்பிட்டாரு. பக்கத்து வீட்டு அழைப்பு மணி கெட்டுப் போச்சுன்னு கழட்டி மாட்டினாரு. இப்ப அது முன்ன விட மோசமா கத்துது.' இப்படி ஏதாவது ஒன்று. மன்னிப்பும் கேட்கவில்லை, நியாயமும் பேசவில்லை. பதில் வராத செய்திக்கு அடியில் மறுநாள் இன்னொன்று. அடைத்த கதவை உடைக்கவும் கூடாது, விட்டுவிட்டுப் போகவும் கூடாது. தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அவளுக்குத் தெரிந்த வேதாந்தம் அவ்வளவுதான்.

ஒரு புதன்கிழமை மாலை போன் வந்தது. திரையில்லாத வெறும் குரல். மருமகள் அதை ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தாள்.

"அப்பா" என்றாள் மகள். மாத்திரையைக் கேட்டே பழகிய வாய்க்கு வேறு எதைக் கேட்பது என்று தெரியவில்லை. "என்ன சாப்டீங்க?"

கேட்டதுதான் தாமதம், அவர் வெள்ளரிக்காயில் ஆரம்பித்தார். அதன் கசப்பு, அதை விற்றவன் சொன்ன பொய், தான் சொன்ன பதில், எல்லாம் வந்தது. அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. நடுவே மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டது.

"நீ எப்படிம்மா இருக்க?" என்று அவர் கேட்டார். இத்தனை நாள் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கேள்விக்கு இடமே இருந்ததில்லை.

"இருக்கேன்ப்பா. எந்நேரமும் அசதிதான். முடி கொட்டுது. நானும் என்னென்னவோ போட்டுத்தான் பாக்கறேன்."

மாமனாரும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னென்ன?" என்றார் அவர். இப்போது குரல் கெட்டியாக இருந்தது.

"அது இருக்குப்பா ஒரு அலமாரி நிறைய. உங்களுக்கு வாங்கும்போதெல்லாம் எனக்கும் ஒண்ணு வாங்கிடுவேன்."

"ரத்தம் பாத்தியா?"

"அதுக்கெல்லாம் எங்கப்பா நேரம்?"

"நேரம் கிடைக்கலன்னா நான் பஸ் ஏறி வந்து, உன் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவேன். சும்மா சொல்லல. நடந்து மருந்துக்கடைக்குப் போறவன், பஸ்ஸுக்கும் போவேன்" என்றார்.

மருமகள் நாற்காலியை இழுத்துப் போட்டு மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, மூக்குக் கண்ணாடி பக்கத்துல இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

"போட்டுக்கங்க. அலமாரியத் திறந்து கையில கிடைக்கற முதல் டப்பாவ எடுங்க. முன்பக்கம் படம் என்ன வேணா இருக்கட்டும். பின்பக்கம் திருப்புங்க."

அந்தப் பக்கம் அலமாரிக் கதவு கிறீச்சிட்டது. டப்பாக்கள் ஒன்றோடொன்று இடிபட்டன.

"எழுத்து ரொம்பச் சின்னதா இருக்கேம்மா" என்றாள் நாத்தனார். அவள் இவளை அம்மா என்று அழைத்தது அதுதான் முதல்தடவை.

"பரவாயில்ல அண்ணி. மெதுவாப் படிங்க. நாங்க ரெண்டு பேரும் இங்கயே இருக்கோம்."